ஆடிக் காற்றுக்குப் பாய் கட்டுவது

நேயர்களுக்கு வணக்கம். தரங்கம்பாடி முதல் வேளாங்கண்ணி வரையுள்ள கரையில் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையில் கடலில் ஓடும் விளையாட்டு, பழக விரும்பும் இளைஞர்களுக்காக இன்று பேசுகிறேன். பாய் கனக்கிறது, பின்கை (பாயைப் பிடிக்கும்போது பின்பக்கம் இருக்கும் கை) ஓய்ந்துபோகிறது என்று யாராவது சொன்னால், பாய்மரத்தின் அடியிலிருக்கும் டவுன்ஹால் கயிற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் அது போதிய அளவு இழுபட்டிருக்காது.

அந்தக் கயிறு பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கிறது. இழுக்க இழுக்க மரம் வளையும். வளைந்தால்தான் மேற்பகுதியில் பின்விளிம்பு தளரும். மணலில் கிடக்கும் பாயில் அந்தத் தளர்ச்சியைக் கண்டு பயந்து, பலர் கயிற்றை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். தளரத்தான் வேண்டும்! ஆடிக் காற்று தென்னையையும் சவுக்குத் தோப்பையும் தாண்டி வருவதால் சீராக வீசாது, விட்டுவிட்டு மோதும். மோதும்போது தளர்ந்த மேற்பகுதி தானே திறந்து மிகுதிக் காற்றை வெளியேற்றிவிடும்; பாயின் வயிறு, அதாவது காற்றில் புடைக்கும் பகுதி, முன்பக்கமே நிற்கும். கயிறு தொய்ந்திருந்தால் வயிறு பின்னால் நகர்கிறது, பின்கை வலிக்கிறது. கையால் பிடிக்கும் சட்டமான பூமின் நுனியில், பாயைப் பின்னோக்கி இழுக்கும் அவுட்ஹால் கயிற்றை இறுக்கி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். பாய் தட்டையாகி வேகம் செத்துவிடும்.

அளவுகள் பாயிலேயே அச்சிடப்பட்டிருக்கும். முன்விளிம்பு 430 சென்டிமீட்டர், மரம் 400 என்றால், அடியிலுள்ள நீட்டிப்புக் குழாயை 30-இல் வையுங்கள். வெறுங்கையால் இழுத்தால் போதாது. மரத்தடியில் காலை ஊன்றி, கயிற்றை ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள். அவுட்ஹாலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் இழுப்பே போதும். காற்று குறைந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். பழைய பாயும் வேறொரு மரமுமாகச் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பாய்க்குரிய வளைவு இல்லாத மரத்தில் எவ்வளவு இழுத்தாலும் வடிவம் வராது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பருவத்தில் மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் அலை அடங்கி அழைக்கும். ஆனால் நடுவில் ஒரு கயிறு அறுந்தால் காற்று உங்களை ஆழ்கடலுக்குத்தான் கொண்டுபோகும். தனியாக இறங்காதீர்கள். பிற்பகலில் கடற்காற்று கரைநோக்கித் திரும்பிய பிறகு பழகுங்கள். அப்பகுதி மீனவர்களிடம் அன்றைய காற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரையேறியதும் மரத்தின் இணைப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மணல் புகுந்து இறுகினால் அதைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும். வணக்கம்.