பெயர் சொல்லி அழைக்கும் மேடை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர்களில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது ஊரே கூடி நின்று கொண்டாடும் நிகழ்ச்சியாக இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தில் என் தமக்கை வீட்டில் ஓர் இளவேனிற்காலம் முழுவதும் தங்கியிருந்தபோது, அவர் மகள் படித்த பள்ளியின் பிராம் எனப்படும் நடன விருந்தையும், அதையடுத்து வந்த கிராஜுவேஷன் எனப்படும் பள்ளிப்படிப்பு நிறைவு விழாவையும் அருகிலிருந்து பார்த்தேன். ஒரு சமூகம் தன் பிள்ளைகளில் யாரை, எப்படி அழைத்துப் பெருமைப்படுத்துகிறது என்பதே அவ்விரு நாள்களிலும் என் மனத்தை ஈர்த்தது.

பிராம் பெரும்பாலும் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்பு மாணவர்களுக்கு உரியது. ஆணும் பெண்ணும் இணையாகத்தான் வரவேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு இப்போது தளர்ந்துவிட்டதால், என் தமக்கை மகள் தோழிகளோடு சென்றாள். அன்று காலை குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில், பால் புட்டிக்குப் பக்கத்தில், வாடாமல் இருப்பதற்காக ஒரு கண்ணாடித்தாள் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் மணிக்கட்டில் அணியும் கோர்சாஜ் என்ற சிறு மலர்க்கொத்து இருந்தது: இரண்டு வெள்ளை ரோஜா, உடையின் நிறத்துக்கு இசைந்த ஒரு நாடா, கையில் மாட்டிக்கொள்ள ஒரு மீள்பட்டை. மாலையில் பள்ளியின் உள்விளையாட்டு அரங்கில் கிராண்ட் மார்ச் நடந்தது. மத்திய மேற்குப் பகுதியின் பல ஊர்களில் இவ்வழக்கம் உண்டு. பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அண்டை வீட்டாரும் படிக்கட்டு இருக்கைகளில் அமர்ந்திருக்க, ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அறிவித்து நடந்துவரச் செய்கிறார்கள். அதன் பிறகே பிள்ளைகள் நடன மண்டபத்துக்குப் புறப்படுகிறார்கள்.

இவ்விருந்தின் வரலாற்றில் வேதனை தரும் ஒரு பக்கமும் உண்டு. பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டப்படி நீங்கிய பின்னும், தென் மாநிலங்களின் சில ஊர்களில் பெற்றோர்கள் தனிப்பட்ட முறையில் விருந்து நடத்தி, வெள்ளை மாணவர்களையும் கறுப்பின மாணவர்களையும் பிரித்தே வைத்திருந்தார்கள். மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில், விருந்தைச் சேர்த்து நடத்தினால் செலவைத் தாமே ஏற்பதாக நடிகர் மார்கன் ஃப்ரீமன் 1997ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தும், 2008ஆம் ஆண்டில்தான் அது நடந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் வில்காக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) 2013ஆம் ஆண்டில் மாணவிகளே முன்னின்று பணம் திரட்டி, எல்லோருக்கும் பொதுவான பிராமை நடத்திக் காட்டினார்கள். ஒரே வகுப்பறையில் படித்த பிள்ளைகள் ஒன்றாக ஆடுவதற்கு அந்தப் பிள்ளைகளே போராட வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது என் மனம் கனக்கிறது. அவர்கள் வென்றதை நினைத்தால் பெருமிதம் கொள்கிறது.

பிராமைவிட கிராஜுவேஷன் விழாவையே நான் உயர்வாகக் கருதுகிறேன், ஏனெனில் விலையுயர்ந்த உடையும் வாடகைக் காரும் அங்கே தேவைப்படுவதில்லை. முதல் மதிப்பெண் பெற்றவரும் தட்டுத்தடுமாறித் தேறியவரும் ஒரே நிற அங்கியில் ஒரே மேடையில் ஏறுகிறார்கள். எட்வர்ட் எல்கர் 1901ஆம் ஆண்டில் இயற்றிய அணிவகுப்பு இசை முழங்க, கால்பந்துத் திடலில் போட்ட மடக்கு நாற்காலிகளை நோக்கி மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். யேல் பல்கலைக்கழகம் 1905ஆம் ஆண்டில் எல்கருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிய விழாவில் ஒலித்தது முதல், அந்த இசை அமெரிக்கப் பட்டமளிப்புகளோடு சேர்ந்துவிட்டது. பெயர்களை வாசிக்க வேண்டிய ஆசிரியை, ஒத்திகையின்போதே என் தமக்கை மகளை அழைத்து, அவள் பெயரிலுள்ள ழகரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து, தம் தாளில் குறித்துக்கொண்டாராம். விழாவில் அப்பெயர் ஏறக்குறையச் சரியாகவே ஒலித்தது. எல்லாப் பெயர்களையும் வாசித்து முடிக்கும்வரை கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் தமக்கையோ எழுந்து நின்று கைதட்டினார், நானும் தட்டினேன். கடைசி மாணவரும் இறங்கிய பிறகு, படிப்பு முடிந்ததற்கு அடையாளமாக எல்லோரும் தொப்பியின் குஞ்சத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு படிக்க வந்த வெளிநாட்டு மாணவர் ஒருவரும் அவ்வரிசையில் நடந்தார். அவருக்கு முழுச் சான்றிதழ் இல்லை, பங்கேற்புச் சான்று மட்டுமே. பள்ளிக்குப் பள்ளி இவ்விதி மாறுவதால், தம் பிள்ளைகளை அத்திட்டங்களில் அனுப்ப எண்ணும் பெற்றோர் இதை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. ஆயினும் அவர் பெயரையும் அந்த ஆசிரியை அதே அக்கறையோடுதான் வாசித்தார். அவரைத் தம் வீட்டில் வைத்திருந்த குடும்பத்தினர் என் தமக்கையைவிட உரக்கவே ஆரவாரித்தார்கள்.