தண்ணீர் வந்த மூன்றாம் நாள் மீன் எங்கிருந்து வந்தது?

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கோடை முழுக்க வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் வந்த மூன்றாம் நாளே மீன் துள்ளுகிறது. முட்டை காய்ந்த சேற்றுக்குள் உயிரோடு கிடந்ததா? அப்படியென்றால் கெண்டை முட்டையையும் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பொரிக்கலாமா?"

இரண்டு நாளாக இதே நினைப்புதான். சின்ன வயதில் நானும் தாத்தாவிடம் இதைக் கேட்டேன். "விதை மாதிரி மண்ணுக்குள்ளே கிடக்கும்டா" என்றார். ஆப்பிரிக்காவில் கில்லி மீன் என்று ஒன்று உண்டு, அதற்கு அது சரி. அதன் முட்டை வற்றிய குட்டையின் சேற்றில் மாதக்கணக்கில் கிடந்து, மழை பெய்ததும் பொரிக்கும். நம் வாய்க்கால் மீன் அப்படியில்லை. ஆற்றுத் தண்ணீரோடு ஏறி வரும், இல்லையென்றால் வற்றாத மடுவில் தங்கியிருக்கும். விரால் ஈரச் சேற்றிலேயே தாக்குப்பிடிக்கும், அதை விரால் பற்றிய பேச்சில் பார்த்தோம். கெண்டை முட்டை காய்ந்தால் அவ்வளவுதான்.

ஆனால் காய்வது வேறு, ஈரமாக வெளியே இருப்பது வேறு. முட்டைக்கு வேண்டியது ஈரமும் மூச்சும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த மூச்சைத்தான். ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மில்லி இருந்தாலே பெரிது. 1864-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியப் பக்கம் டாஸ்மேனியாவுக்கு சால்மன், டிரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். தொட்டியில் இல்லை, ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டி வைத்து. ஏறக்குறைய மூன்று மாதப் பயணம், போய்ச் சேர்ந்து பொரித்தன.

கட்லா, ரோகு முட்டைக்கு இதை முயலாதீர்கள். தண்ணீர் குடித்து உப்பிய மெல்லிய முட்டை அது, வெளியே எடுத்தால் நசுங்கிவிடும். 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்தும் விடுகிறது. சாதாக்கெண்டைதான் இதற்கு ஏற்றது. முட்டை ஒட்டும் தன்மை உள்ளது, பொரிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகாயத்தாமரை வேரில் ஒட்டவைத்து, கொட்டகையில் கொடியில் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது சீனாவில் பழைய வழக்கம்.

தம்பி, நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்கலாம்: குளத்துக்குள்ளேயே முட்டை ஏன் சாகிறது? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, நம் கடைமடைக்கு வரும் புதுத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள், தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த வண்டல் ஒட்டும் முட்டைமேல் மாவு போலப் படிந்து மூச்சை அடைக்கும். செத்த முட்டையில் பூஞ்சை பிடித்து, பக்கத்து முட்டைக்கும் பரவும். கொட்டகையில் வண்டலும் இல்லை, முட்டை தின்னும் தவளையும் பூச்சியும் இல்லை.

ஒருமுறை மதியம் சாப்பிடப் போய்விட்டு வந்தேன். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று பட்ட பக்கத்து வேர் முழுக்க முட்டை வெள்ளையாகிச் சுருங்கிவிட்டது. சாக்கு மறைப்புக்குள் இருந்த பக்கம் கண்ணாடி மணி மாதிரி அப்படியே இருந்தது. அதனால் தை, மாசியில் செய்யுங்கள். நாலு பக்கமும் ஈரச் சாக்குக் கட்டுங்கள். அரை மணிக்கொரு தடவை, குளத்துத் தண்ணீரையே வடிகட்டித் தெளியுங்கள், இரவிலும்தான்.

அப்புறம் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகில் பாதிகூட இல்லாத இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும். அது குஞ்சின் கண். தெரிந்ததும் காத்திருக்காதீர்கள், வேரோடு எடுத்து ஹாப்பா வலைக்குள், அதாவது குளத்தில் கட்டும் சின்னக் கண் வலைத் தொட்டிக்குள், இறக்கிவிடுங்கள். முட்டை வெளியே இருக்கலாம், பொரித்த குஞ்சு இருக்க முடியாது.