நகரும் வார்கள்: பின்னல் தோல் பையை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன்

வணக்கம். இன்றைக்கு மேசையில் ஒரே ஒரு பைதான். பின்னால் ஃபேன் சத்தம் கேட்கும். நிறுத்திப் பார்த்தேன், இரண்டே நிமிடத்தில் வியர்த்துவிட்டது, அதனால் ஓடட்டும்.

மெல்லிய தோல் வார்களைக் குறுக்கும் நெடுக்குமாக முடைந்து செய்த பை இது. பாய் முடைவது போலத்தான், ஓலைக்குப் பதில் ஆட்டுக்குட்டித் தோல். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. இதற்கு முன்னால் இதே மாதிரி இன்னொரு பை இருந்தது. அது வீணாய்ப்போன கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்ததில் பாதி அதில் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் இதை கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். ஃபோகஸ் ஆகட்டும். ம், சரி. இந்த ஒரு சதுரத்தின் மேல் விரலை வைத்து லேசாகத் தள்ளுகிறேன், பாருங்கள். வார் ஒரு மயிரிழை நகர்கிறது. விட்டால் திரும்பி வந்துவிடுகிறது. பையை மடித்தாலும், தோளில் மாட்டினாலும், உள்ளே கையை விட்டாலும், நூற்றுக்கணக்கான வார்கள் இப்படித் தங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி அந்த இழுப்பைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சாதாரணத் தோல் பையில் ஒரு மடிப்பு விழுந்தால் ஒரே கோட்டில் விழும், அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். இதில் அப்படி இல்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த நகர்வைக் காப்பாற்றுவதற்குத்தான்.

இந்தப் பின்னல் பிரபலமானது இத்தாலியில், வெனெத்தோ பகுதியில். 1966-ல் விசென்சாவில் மிக்கேலே தத்தேயும் ரென்சோ செஞ்சாரோவும் ஆரம்பித்த பொத்தேகா வெனெத்தா என்ற தோல் பொருள் நிறுவனம் இதற்கு வைத்த பெயர் ‘இன்ட்ரெச்சாத்தோ’. இத்தாலிய மொழியில் பின்னியது என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இருந்த தையல் இயந்திரங்கள் துணி தைப்பதற்கானவை, தடிமனான தோலில் ஊசி இறங்காது. மெல்லிய தோல்தான் தைக்க முடியும், ஆனால் மெல்லிய தோலில் பை செய்தால் தாங்காது. அதனால் மெல்லிய தோலை வார்களாக வெட்டி முடைந்து பலம் ஏற்றினார்கள் என்பது அதன் பிறப்புக் கதை. பையில் பெயர் பொறிக்கத் தேவையே இல்லாமல் போனது அதற்கப்புறம் வந்த விளைவு. பின்னலைப் பார்த்தாலே தெரியும். ‘உங்கள் பெயரின் முதலெழுத்துகளே போதும்’ என்று விளம்பரமே செய்தார்கள்.

பலவீனமான தோலை எடுத்து, பின்னல் என்ற ஏற்பாட்டால் பலமாக்கியிருக்கிறார்கள். ஏற்பாடு குலைந்தால் மிஞ்சுவது அந்தப் பலவீனமான தோல்தான்.

இப்போது அந்த முதல் பை. கைப்பிடிக்குக் கீழே, உடம்பில் உரசும் இடத்தில் நிறம் போயிருந்தது. உள்ளங்கை அளவுதான். ஒரு பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். புத்தம் புதிதாக்கித் தருகிறேன் என்றார், பத்து நாளில் கொடுத்தும் விட்டார். மேலே பார்த்தால் பளபளவென்று இருந்தது. ஆனால் விரலால் தள்ளினால் எதுவும் அசையவில்லை. பை முழுக்க நிறத்தை ஸ்ப்ரே செய்திருக்கிறார். அது இடுக்குகளில் இறங்கி, வாரையும் வாரையும் ஒட்டிக் காய்ந்துவிட்டது. சுவருக்குப் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே பலகை. ஒரு மாதத்திற்குள் ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் மெல்லிசாக விரிசல் வந்தது. நகர முடியாத வார் வேறென்ன செய்யும், வெடிக்கத்தான் செய்யும். அந்த நிறத்தை எடுக்கவும் வழியில்லை. நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அதனால்தான் கிரீம் விஷயத்தில் நான் கஞ்சத்தனமாக இருப்பேன்.

தோலுக்குக் கண்டிஷனர், அதாவது வறளாமல் இருக்கத் தடவும் கிரீம், தேவையா என்றால், தேவை, எப்போதாவது. வருடத்திற்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. அதற்கு முன் உங்கள் பையின் தோல் எந்த வகை என்று தெரிய வேண்டும். அடியில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் அது திறந்த தோல், அனிலின் வகை. எதைத் தடவினாலும் குடித்துவிடும், கறையையும் சேர்த்து. தண்ணீர் முத்துப்போல நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிறது. கொஞ்சம் தைரியமாகத் தொடலாம், ஆனால் கிரீம் அதிகம் உள்ளே போகாது, மேலேயே நிற்கும். நிற்கிற கிரீம் எங்கே போகும்? இடுக்குக்குத்தான். அங்கே வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

நான் செய்வது இது. நிறமில்லாத கிரீம், ஒரு மிளகு அளவு. பையில் வைக்க மாட்டேன், மைக்ரோஃபைபர் துணியில் வைத்து, துணியை என் உள்ளங்கையிலேயே நன்றாகத் தேய்த்துவிடுவேன். துணி கிட்டத்தட்டக் காய்ந்துவிட்டதே என்று தோன்றும்போதுதான் பையைத் தொடுவேன். அதுவும் சதுரங்களின் முதுகில் மட்டும். எண்ணெய் கூடிவிட்டால் வார் தளர்ந்து நீளும் என்பதையும் மறக்க வேண்டாம். சில எண்ணெய்கள் நிறத்தைக் கறுக்கவும் செய்யும்.

துடைப்பது பற்றி. இது எனக்கே வெகுநாள் உறைக்கவில்லை. சாதாரணத் தோலில் துணியை எந்தப் பக்கமும் இழுக்கலாம். இதில் நீங்கள் எந்தத் திசையில் தேய்த்தாலும் ஏதோ ஒரு வாரின் ஓரம் எதிரே வந்து நிற்கும். அழுத்தித் தேய்த்தால் துணியின் நூல் அந்த ஓரத்துக்கடியில் போய்க் கிளப்பிவிடும். அப்படிக் கிளம்பின ஓரம் அப்புறம் எல்லாவற்றிலும் மாட்டும். அதனால் பிரஷ். எங்கே வைத்தேன்... இதோ, பைக்கு அடியிலேயே இருக்கிறது. முகத்துக்குப் பௌடர் போடும் பெரிய பிரஷ், நீளமான மெத்தென்ற முடி. முடியின் நுனி மட்டும் படும்படி தட்டித் தட்டி எடுப்பேன், தூசி மேலே வந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை, டீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஈரத் துடைப்பான், குழந்தைகளுக்கான வைப்ஸ், சோப்புத் தண்ணீர், மூன்றும் வேண்டாம். பதப்படுத்திய தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பி.ஹெச். சுமார் 4-ஐ ஒட்டி இருக்கும். குளியல் சோப்பு 9, 10 என்று எதிர்ப்பக்கம் நிற்கும். ஒருநாள் பட்டால் ஒன்றும் ஆகாது, பழக்கமானால் தோல் வறண்டு நிறம் விடும். சானிடைசர் அதைவிட மோசம், ஆல்கஹால் மேற்பூச்சையே கரைத்துவிடும். கையில் தடவினால் நன்றாகக் காய்ந்த பிறகு பையை எடுங்கள். சென்ட்டும் அப்படித்தான், முதலில் சென்ட், அப்புறம் பை.

எண்ணெய்க் கறைக்கு மேலே பௌடர் தூவி ராத்திரி முழுக்க விடச் சொல்வார்கள். சாதாரணத் தோலுக்கு அது நல்ல வழி. இதில் தூவினால் அந்தப் பௌடரை இடுக்கிலிருந்து எடுக்க ஆறு மாதம் ஆகும், சொந்த அனுபவம். வெறும் டிஷ்யூவை ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். மீதி இருந்தால் அதோடு வாழப் பழகுங்கள், தோல் மெல்ல மெல்ல அதை உள்ளே பரப்பி மங்கவைத்துவிடும்.

இப்போது பையைக் கவிழ்க்கிறேன். இந்த அடிப்பக்கம்தான் என் குற்றப் பத்திரிகை. மேலே இருக்கும் சதுரத்தையும் இங்கே இருக்கும் சதுரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே சதுரம் சதுரமாகவே இருக்கிறது. இங்கே நீள்சதுரமாகிவிட்டது, இரண்டு வார்களுக்கு நடுவில் உள்பக்கத் துணி தெரிகிறது. முதல் வருடம் தண்ணீர் பாட்டிலும் டேப்லெட்டும் இதிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தேன். தோல் இழுத்தால் நீளும், விட்டால் முழுதாகத் திரும்பாது. ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை, வருடக் கடைசியில் இது. எந்தக் கிரீமும் இதைச் சரிசெய்யாது. இன்றைக்கு உள்ளே போவது பர்ஸ், போன், சாவி மட்டும். சாவியும் ஒரு சின்னத் துணிப் பைக்குள்.

உள்ளே வைக்கும் ஃபெல்ட் ஆர்கனைசர் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பையின் அளவைவிடக் கண்டிப்பாகச் சின்னதாக. பைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டு வாங்குவதுதான் தப்பு. அதன் நான்கு மூலைகளும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் அந்த நான்கு இடத்தில்தான் பின்னல் முதலில் விரியும்.

இந்தச் சங்கதி அகல வார் பைகளுக்கு அவ்வளவு பொருந்தாது. 2019-ல் பொத்தேகா வெனெத்தா கொண்டுவந்த ‘கஸெட்’ பை மாதிரி, அகலமான, உள்ளே மெத்தை வைத்த வார்கள். அவற்றில் இடுக்கு குறைவு, பிரச்சினை வேறு. ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் மெத்தை அமுங்கிப் பள்ளம் விழும். அடுக்கிவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

வார் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? எனக்கு ஜாக்கெட் ஸிப்பில் மாட்டியது, போன குளிர்காலம். ஒரு வார் வளையம் மாதிரி வெளியே வந்துவிட்டது. கை பரபரக்கும், இழுத்துவிடலாமா, வெட்டிவிடலாமா என்று. இரண்டும் வேண்டாம். அந்த ஒரு இடத்தில் இருக்கும் தளர்வை அக்கம்பக்கத்துக்குப் பகிர வேண்டும். குரோஷா ஊசியின் மழுங்கிய பின்பக்கத்தால் வளையத்தைக் கொஞ்சம் அடுத்த சதுரத்துக்குத் தள்ளுங்கள், அங்கிருந்து அடுத்ததற்கு, இப்படி ஏழெட்டுச் சதுரம். ஒவ்வொன்றும் ஒரு துளி தளர்வை வாங்கிக்கொள்ளும். இதோ, இந்த இடத்தில்தான் நடந்தது, தேடினாலும் தெரியவில்லை பாருங்கள். வார் நுனியே பிடுங்கி வெளியே வந்துவிட்டால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். பசை தடவாதீர்கள். செய்த நிறுவனத்திடமே கேளுங்கள். பொத்தேகா வெனெத்தா 2022-ல் சில பைகளுக்கு வாழ்நாள் பராமரிப்புச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. உங்கள் பையோடு அட்டை ஏதாவது வந்திருந்தால் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிர் நிறப் பை என்றால் ஜீன்ஸிடமிருந்து தள்ளியே இருங்கள். இண்டிகோ நூலின் உள்ளே முழுதாக ஊறாது, மேலேயே படிந்து நிற்கும், உரசினால் வந்துவிடும். பின்னலின் மேடுகளில்தான் அது முதலில் ஏறும், நீலப் புள்ளி வைத்த மாதிரி.

மழையில் நனைந்துவிட்டால் ஒற்றி எடுத்து, உள்ளே வெள்ளைக் காகிதத்தைக் கசக்கி வைத்து, நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். காகிதம் ஈரமானால் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நனைந்த பையை மட்டும் ஆணியில் மாட்டாதீர்கள், ஈரமான தோல் இன்னும் சுலபமாக நீளும். ஹேர் டிரையரும் வேண்டாம். ஈரத்தோடு சூடு சேர்ந்தால் தோலின் நார்கள் சுருங்கி அட்டை மாதிரி விறைத்துவிடும். அதற்கு மருந்து கிடையாது.

கடைசியாக எடுத்துவைப்பது. பேசிக்கொண்டே செய்கிறேன். உள்ளே இந்தச் சின்னத் தலையணை, நானே தைத்தது, தையல் கோணல்தான். தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கித் திணித்தால் பின்னல் விரிந்த நிலையிலேயே பழகிவிடும். ஸ்ட்ராப்பை உள்ளே விடுகிறேன், கொக்கியைச் சுற்றி ஒரு துணி, இல்லையென்றால் அதன் அச்சு தோலில் பதியும். பருத்தித் துணி உறை. பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தோலுக்குச் சுகம். ரொம்ப ஈரமான இடம் என்றால் அலமாரியின் மூலையில் சிலிக்கா ஜெல் வையுங்கள், பைக்குள்ளே போட்டு மறந்துவிடாதீர்கள், தோலையும் சேர்த்து வற்றவைத்துவிடும். தொங்கவிடாமல் இப்படி உட்காரவைப்பேன்.

அப்புறம் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, எங்கேயும் போகாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே தோளில் மாட்டிக்கொண்டு நாலு நடை நடப்பேன். வார்கள் கொஞ்சம் அசையட்டும் என்று. வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.