பினாங்கில் ஆறரை மணி நேரம்: கப்பலை விட்டிறங்கிக் கடைத்தெரு வரை

வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது. ஒலிவாங்கியைத் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்துக்கொள்கிறேன். இப்போது கேட்கும்.

எனக்குப் பின்னால் அடுக்கு மாடி போல நிற்கிறதே, அதுதான் நான் வந்த கப்பல். சிங்கப்பூரில் ஏறினேன், நேற்று புக்கெட், இன்று பினாங்கு. நான் நிற்கும் இடம் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறை. காலை ஒன்பது மணிக்குக் கப்பல் கட்டப்படும் என்று அறிவித்திருந்தார்கள். கயிறு கட்டியது ஒன்பதுக்குத்தான். ஆனால் குடிநுழைவு அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசை நகர்ந்து, நான் கீழே கால் வைத்தபோது மணி பத்து. மாலை நான்கரைக்குள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும், ஐந்துக்குப் புறப்பாடு. அறிவிப்புப் பலகையில் எட்டு மணி நேரம் போலத் தெரிந்தது, கைக்கு வந்தது ஆறரை. துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் இந்தக் கழித்தலை முதலில் போட்டுவிட வேண்டும்.

இதோ பாருங்கள், கையில் கடிகாரம். ஐந்து ஆண்டுகளாகக் கட்டாததை நேற்று இரவு பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். புக்கெட்டில் இறங்கியதும் என் கைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. அது சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பலோ சிங்கப்பூர் நேரத்தை மாற்றவே இல்லை. நான் கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டு, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறைத் தம்பதியர் வேகமாக நடந்து போவதைப் பார்த்துச் சந்தேகம் வந்து விசாரித்தேன். உண்மையில் இருந்தது முப்பது நிமிடம். கப்பலுக்கு ஆள் ஏற்றும் கடைசிப் படகுக்கு முந்தைய படகில் ஏறினேன். கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் காத்திருப்பார்கள். தனியாகச் சுற்றுகிறவருக்குக் காத்திருக்க மாட்டார்கள். அவருடைய பாஸ்போர்ட்டை அறையிலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டியதுதான். இங்கே மலேசிய நேரமும் கப்பல் நேரமும் ஒன்றேதான். இருந்தாலும் கடிகாரம் கையில் இருக்கட்டும்.

வாசலில் டாக்சிக்காரர்கள் பினாங்கு மலைக்கும் கெக் லோக் சி கோவிலுக்கும் அழைக்கிறார்கள். மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது, மேலே குளிராக இருக்கும், எல்லாம் சரி. ஆனால் மலை ஊருக்கு வெளியே இருக்கிறது, போக வர நேரம், ரயிலுக்கு வரிசை. என் ஆறரையில் மூன்றை அது தின்றுவிடும். பினாங்கில் கப்பல் நிற்பது ஊரின் மடியில். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் துறைமுக வாசலிலேயே தொடங்குகிறது. அதை விட்டுவிட்டு வண்டியேறித் தூரம் போவது, விருந்துக்கு வந்த வீட்டில் திண்ணையோடு திரும்புவது மாதிரி. நான் நடக்கப் போகிறேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மணிக்கூண்டுக்கு வந்துவிட்டேன். விக்டோரியா மகாராணி ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்காகச் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். வேடிக்கை என்னவென்றால், கட்டி முடித்தது 1902-இல், ராணி 1901-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கேமராவை நேராகப் பிடிக்கிறேன், கூண்டைப் பாருங்கள். லேசாகச் சாய்ந்திருக்கிறது, தெரிகிறதா? இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் வேலை.

எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்திறங்கிய இடம். காட்டை வெட்ட ஆட்கள் சோம்பியபோது, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிக்கொண்டே எல்லோரும் காட்டை அழித்தார்கள் என்று ஒரு கதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கதை. கோட்டை சண்டை எதையும் பார்த்ததில்லை. நானும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்கிறேன்.

இப்போது நான் நிற்பது லெபு பந்தாய். மலாயில் 'பந்தாய்' என்றால் கடற்கரை. கடற்கரைத் தெருவில் கடல் எங்கே என்று தேடாதீர்கள், அது அந்தப் பக்கம் தள்ளிப் போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலை மண்கொட்டித் தூர்த்து, அதற்கு அப்பால் வெல்டு கரையை அமைத்தார்கள். இந்தத் தெருவிலிருந்து கடல் பக்கமாகப் போகும் சிறு தெருக்களின் பலகையைப் பாருங்கள்: 'காட் லெபு சூலியா'. அந்தக் 'காட்' வேறொன்றுமில்லை, இந்தியாவிலிருந்து வந்த 'கட்டம்', படித்துறை. பெயரில் காட் என்று வந்தால் ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் இருந்தது என்று பொருள். வரைபடம் இல்லாமலே பழைய கரை எது என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் கிடைத்தால் அருங்காட்சியகம் தேவையில்லை.

வெயில் ஏறிவிட்டது. ஆனால் தலையில் வெயில் படாமல்தான் நடக்கிறேன். இதைக் 'காக்கி லீமா' என்பார்கள், ஐந்தடி என்று பொருள். கடைவீடுகளின் மாடி முன்னால் நீண்டு, கீழே கூரையுள்ள நடைபாதையாகிறது. கேமராவைக் கீழே காட்டுகிறேன். பூப்போட்ட பழைய தரை ஓடு, அடுத்த வீட்டுக்கு வந்தால் சிமென்ட், அதற்கடுத்த வீட்டில் அரையடிப் படி. வீட்டுக்கு வீடு மட்டம் மாறும், கண்ணைத் தரையில் வைக்காவிட்டால் முட்டி பெயர்ந்துவிடும். நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள், வெயிலில் இறங்கிச் சுற்றி வர வேண்டும். பரவாயில்லை, நிழலுக்குச் சிறு வாடகை.

இந்தச் சத்தம் கேட்கிறதா? லிட்டில் இந்தியா. தலைக்கு மேலே பலகையைப் பாருங்கள், 'கெடாய்' என்று தொடங்குகிறது. நம் கடைதான். மலாய் மொழி தமிழிடம் வாங்கிக்கொண்ட சொல். மலாயில் கப்பலும் 'கப்பால்', முதலீடு 'மோடால்', அது நம் முதல். கடை, கப்பல், முதல் என்று மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், இங்கே வந்தவர்கள் என்ன வேலையாக வந்தார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. இந்த லெபு பாசாரைப் பழைய தமிழர்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் பினாங்கு தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள், அதாவது அவர்களுடைய தொழில் கூடங்கள், இருந்தன. வட்டித் தொழில் கணக்கெல்லாம் அங்கே தரையில் உட்கார்ந்து, சாய்வு மேசையில் எழுதப்பட்டது.

மகாமாரியம்மன் கோவிலுக்கு வந்தால் நடை சாத்தியிருக்கிறது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே, எந்த ஊராக இருந்தாலும் அம்மன் மதியம் ஓய்வெடுப்பாள் என்பதை நான் நினைத்திருக்க வேண்டும். 1833-இல் எழுந்த கோவில், பினாங்கின் இந்துக் கோவில்களிலேயே பழையது. கோபுரத்தை மட்டும் காட்டுகிறேன். நீங்கள் வந்தால் கப்பலிலிருந்து நேராக இங்கே வாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் நிறுவியது. அவர்தான் அந்தக் கப்பித்தான், இந்திய சமூகத்துக்குத் தலைவராக ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டவர். 'கெலிங்' கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். இன்று அந்தச் சொல்லை இங்குள்ள இந்தியர்களிடம் பயன்படுத்தினால் வசவு, நீங்கள் மறந்தும் சொல்லிவிடாதீர்கள். பள்ளிவாசல் பெயரில் மட்டும் அது பழைய மரியாதையோடு நிற்கிறது.

சூலியா தெருவில் நாகூர் தர்காவும் இருக்கிறது. நாகூர் ஆண்டவரின் அடக்கத்தலம் நாகூரில்தான், இது அவர் நினைவாக எழுப்பியது. கடலோடிகள் பயணத்துக்கு முன் அவரை வேண்டிக்கொள்வார்கள். கரை சேர்ந்ததும் நன்றி சொல்ல இங்கேயும் ஓரிடம் வேண்டும் அல்லவா? உள்ளே ஒரு பெரியவர் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கே நான் படம் எடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டேன். நாசி கண்டார். நாசி என்றால் சோறு, கண்டார் என்பது தோளில் சுமக்கும் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றது. 'பாஞ்சிர்' என்று கேளுங்கள். வெள்ளம் என்று பொருள். மீன், கோழி, ஆட்டுக் குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடித்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்காது. இரண்டாவது வாயில் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டீர்கள். கப்பலில் எல்லாச் சாப்பாட்டுக்கும் காசு கட்டிவிட்டு வெளியே ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வெள்ளம் அந்தப் பந்தியில் வராது.

பக்கத்துத் தள்ளுவண்டியில் வாழைப்பழம் வாங்கினேன். கழுத்தில் கப்பல் அட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி, "அக்கா, பழத்தைக் கப்பலுக்குள் விட மாட்டார்கள், வெளியிலேயே சாப்பிட்டுவிடுங்கள்" என்றார். இரண்டு பழத்துக்குப் பதில் ஒரு சீப்பை வாங்கிய பிறகு சொன்னார்.

ஆர்மேனியன் தெரு. லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஜகரேவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் குழந்தைகள் இவர்கள்தான். சுவரில் ஓவியம், அதில் ஒட்டியது நிஜச் சைக்கிள். முன்னால் படமெடுக்க இருபது பேர் வரிசை, பாதிப் பேர் கழுத்தில் என் கப்பலின் அட்டை. நான் நிற்கவில்லை.

மணி இரண்டரை. சியூ படகுத்துறைக்கு வந்திருக்கிறேன். சீனாவின் புஜியானிலிருந்து வந்த குடும்பங்கள் குலத்துக்கு ஒன்றாகக் கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய தெருக்கள். இது சியூ குலத்தாருடையது. காலடியைக் காட்டுகிறேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி, அதன் வழியே கீழே பச்சைத் தண்ணீர், ஒரு பழைய கயிறு, சேறு. யாராவது எதிரே வந்தால் பலகை என் காலுக்கடியில் லேசாக எழும்புகிறது. முன்வரிசையில் காந்தப் பொம்மைக் கடைகள். அதைத் தாண்டினால் வீடுகள், வாசலில் சிவப்புச் சாமிமாடம், கொடியில் துணி. ஒரு பாட்டி கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என் கேமரா திரும்பியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு நாளில் இரண்டு கப்பல் வந்தால் அவர் வாசலை எத்தனை ஆயிரம் பேர் எட்டிப் பார்ப்பார்கள்! கேமராவை அணைத்துவிட்டேன். இப்போது துறையின் கடைசி முனையில் நின்று பேசுகிறேன், பின்னால் கடல் மட்டும்.

இந்தத் தண்ணீரில்தான் ரஜுலா வந்தது. 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மேல்தட்டில் பாய் விரித்த ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்து சேர்த்த கப்பல். கூலிகளாக வந்தவர்களை நேரே ஊருக்குள் விடவில்லை. தெற்கே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம், அங்கே நாள்கணக்கில் தங்கிய பிறகுதான் கரை. காலையில் குடிநுழைவு வரிசை ஒரு மணி நேரம் நகரவில்லை என்று நான் முணுமுணுத்ததைப் பதிவிலிருந்து வெட்ட மாட்டேன், இருக்கட்டும்.

மணி மூன்றே முக்கால். வெல்டு கரையோடு நடந்து துறைக்கு வந்துவிட்டேன். ஊருக்குள் இலவச கேட் பேருந்து ஓடுகிறது, கால் ஒத்துழைக்காவிட்டால் அதில் ஏறலாம். எனக்கு நேரம் இருந்தது.

இப்போது துறைமுக வாசலுக்கு வெளியே நிழலில் நிற்கிறேன். கையில் மீதம் ஏழு வாழைப்பழம். பக்கத்தில் நேற்று என்னைக் காப்பாற்றிய அதே தம்பதியர், ஒரு கிலோ ரம்புத்தானோடு. அவர்களும் என்னைப் போலவே வாங்கிய பிறகுதான் கேட்டிருக்கிறார்கள். நான் நான்கு பழத்தை அந்தப் பக்கம் நீட்டினேன், அந்த அம்மா ரம்புத்தானை இந்தப் பக்கம் நீட்டுகிறார். கேமராவைக் கீழே வைக்க வேண்டும், இதை உரிக்க இரண்டு கையும் வேண்டும்.