பழைய நோட்டை அடைக்க ஒரு புது நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர், பழசாகிப்போன தன் தண்ணீர்க் குழாய்களை மாற்றப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு 40 லட்சம் டாலர். இருபது வருடம் தவணை கட்டுகிற மாதிரி பாண்ட், அதாவது நீண்ட காலக் கடன் பத்திரம், வெளியிட்டு மொத்தப் பணத்தையும் இன்றே வாங்கிவிடலாமே என்று தோன்றும். பல ஊர்கள் அப்படிச் செய்வதில்லை. தெருவைத் தோண்டும்வரை கீழே பாறை இருக்கிறதா, பழைய ஈயக் குழாய் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. நடுவில் மாநில அரசின் மானியம் வந்தால் 40 லட்சம் 30 லட்சமாகக் குறையும், பாறை வந்தால் 50 லட்சமாக ஏறும். இருபது வருடக் கடனை ஒரு உத்தேசக் கணக்கின் மேல் கட்ட முடியாது இல்லையா?

அதனால் முதலில் ஒரு குறுகிய காலக் கடன். பாண்ட் ஆன்டிசிபேஷன் நோட் என்பார்கள், பேச்சில் வெறும் ‘பான்’. பிறகு பாண்ட் வெளியிட்டு இதை அடைப்போம் என்ற வாக்கின் மேல் எழுதப்படும் நோட்டு. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முதிர்ந்துவிடும், அதாவது திருப்பிக் கட்டவேண்டிய நாள் வந்துவிடும். முதிரும்போது வேலை முடியாமல் இருந்தால், அல்லது இன்னும் இரண்டு வேலைகளைச் சேர்த்து ஒரே பாண்டாக வெளியிடலாம் என்று காத்திருந்தால், புது நோட்டு விற்று அந்தப் பணத்தில் பழைய நோட்டை அடைப்பார்கள். நாம் பணம் புரட்டுவது என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான், சட்டப்படி, கவுன்சில் தீர்மானத்தோடு.

நோட்டு புதுப்பிக்கும் வாரத்தில் ஒரு ஊரின் நிதி அதிகாரிக்கு அருகே உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பதற்றம் புரியும். சில வாரம் முன்பே விற்பனை அறிவிப்பு போயிருக்கும். குறித்த நாள் காலையில், நோட்டை வாங்க விரும்புகிறவர்கள் ஏலத்தில் கேட்கும் வட்டி விகிதங்கள் கணினியில் ஒன்றொன்றாக வரும், சில சமயம் வெறும் இரண்டே பேர் கேட்டிருப்பார்கள். வட்டி விகிதத்தின் இரண்டாவது, மூன்றாவது தசம இடம்வரை ஒப்பிட்டு, குறைவாகக் கேட்டவருக்குக் கொடுப்பார்கள். அப்புறம் முதிர்வு நாளன்று புது நோட்டின் பணம் உள்ளே வரவேண்டும், அதே நாளில் பழைய நோட்டு வைத்திருப்பவர்களுக்கு வெளியே போகவேண்டும். அசல் இப்படிக் கைமாறிவிடும், ஆனால் வட்டி அந்த வருட பட்ஜெட்டிலிருந்து ரொக்கமாக வரவேண்டும். இதைப் பட்ஜெட்டில் எழுத மறந்த ஊர், வேறு எந்தச் செலவில் கைவைப்பது என்று கடைசி வாரத்தில் தேடும்.

நான் இன்று அழுத்திச் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அசலில் கொஞ்சமாவது அடைத்தே ஆகவேண்டும், கடைசியில் பாண்டுக்கு எப்போது மாறுவது என்பதை முதல் நோட்டு விற்கும்போதே முடிவு செய்திருக்கவேண்டும். சட்டம் ஓரளவு இதைக் கட்டாயப்படுத்துகிறது. நியூயார்க் மாநிலத்தில் பொதுவாக ஐந்து வருடத்துக்கு மேல் புதுப்பிக்க முடியாது, இரண்டு வருடத்துக்குள் அசலில் முதல் தவணை கட்டியாகவேண்டும். நியூஜெர்சியில் பத்து வருடத்தைச் சற்றுத் தாண்டியும் இழுக்கலாம், ஆனால் மூன்றாவது வருடத்திலிருந்து, பாண்டாக இருந்தால் கட்டவேண்டிய தவணை அளவுக்காவது வருடாவருடம் குறைக்கவேண்டும். என் கணக்கில் மூன்று வருடம் சும்மா இருப்பது ரொம்ப நீளம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வட்டி நம் கையில் இல்லை. 2021இல் அரை சதவீதத்தில் 40 லட்சம் வாங்கிய ஊருக்கு வருட வட்டி 20,000 டாலர். 2022 மார்ச் தொடங்கி 2023 ஜூலைக்குள் அமெரிக்காவின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தன் வட்டி விகிதத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. வாங்குகிறவருக்கு வட்டியில் வரிவிலக்கு உள்ள நோட்டு என்பதால் ஊர்கள் அதைவிடக் குறைவாகவே கொடுக்கும், சரி, நான்கு சதவீதம் என்றே வைப்போம்: அதே குழாய்க்கு, ஒரு அடிகூட நீளாமல், வருடத்துக்கு 1,60,000 டாலர்.

வட்டி ஏறினாலாவது கொடுத்துத் தீர்க்கலாம். வாங்க ஆளே வராமல் போனால்? 1975 பிப்ரவரியில் நியூயார்க் மாநில அரசின் நகர வளர்ச்சிக் கழகம் 10 கோடி டாலருக்கு மேல் பான் நோட்டுகளைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. அதே வசந்த காலத்தில் நியூயார்க் நகரத்தின் நோட்டுகளை விற்றுத்தர வங்கிகள் மறுத்தன. நகரத்தின் தலைமேல் அப்போது சுமார் 600 கோடி டாலர் குறுகிய காலக் கடன் இருந்தது, அதில் ஒரு பகுதி ஒருபோதும் வசூலாகாத வரிகளைக் காட்டி வாங்கியது. 1978 டிசம்பர் 15 அன்று கிளீவ்லாந்து நகரம், உள்ளூர் வங்கிகளிடம் இருந்த சுமார் 1.4 கோடி டாலர் நோட்டுகளைக் கட்ட முடியாமல் தவறியது. வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன, நகரத்தின் மின் நிறுவனத்தை விற்கச் சொன்ன அழுத்தத்துக்கு மேயர் டென்னிஸ் குசினிச் பணியவில்லை. அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் ஒரு ஊர் தன் மின் நிறுவனத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நோட்டு முதிரும் நள்ளிரவுக்குள் முடிவாகவேண்டிய நிலை வந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது.

2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் நகராட்சிக் கடன் சந்தை சில வாரம் உறைந்தது. ஏப்ரலில் ஃபெடரல் ரிசர்வே 50,000 கோடி டாலர் வரை நோட்டுகள் வாங்கத் தயார் என்றது. இல்லினாய் மாநிலமும் நியூயார்க்கின் எம்.டி.ஏ. போக்குவரத்து ஆணையமும் மட்டுமே அதைப் பயன்படுத்தின. ஆகஸ்டில் எம்.டி.ஏ. ஏலத்தில் வந்த வட்டி அதிகம் என்று தள்ளிவிட்டு, சுமார் 45 கோடி டாலருக்கான பான் நோட்டுகளை ஃபெடரல் ரிசர்விடமே விற்றது. அந்தத் திட்டம் அந்த வருட இறுதியோடு மூடப்பட்டது. ஒரு சின்ன ஊர் அப்படி ஒரு கை நீளும் என்று நம்பித் தன் முதிர்வு தேதியைக் குறிக்கக் கூடாது.

அமெரிக்காவில் வீட்டு வரி கட்டும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நோட்டு புதுப்பிப்பு என்று ஒரு வரி வரும், பெரும்பாலும் விவாதமே இல்லாமல் கடந்துபோகும். போன வருடத் தொகையையும் இந்த வருடத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், அசல் ஏன் குறையவில்லை, பாண்ட் எந்த வருடம் என்று எழுந்து கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.