விரலில் இருக்கிறது அடையாளம்

வணக்கம் நேயர்களே. வானொலியில் கையைக் காட்டிப் பேச முடியாது. அதனால் உங்கள் கையைத்தான் கொஞ்ச நேரம் கடன் கேட்கப் போகிறேன். வலது கையைத் தூக்குங்கள், உள்ளங்கை எதிரே இருப்பவரைப் பார்க்கட்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரு ஜோடி, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு ஜோடி. இரண்டு ஜோடிக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். கட்டைவிரல் தனியாக விலகி நிற்கட்டும். வருகிறதா? சிலருக்கு உடனே வரும், சிலருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் தயவுசெய்து வீட்டுக்குப் போய் முயற்சி செய்யுங்கள்.

தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருப் பையன்கள் விரலில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு இதைப் பழகினோம். ஆங்கிலம் பாதிக்குமேல் புரியாது. ஆனால் கூர்மையான காது வைத்த ஸ்பாக் கையைத் தூக்கினால் நாங்களும் தூக்குவோம். வேற்றுக்கிரகத்தில் இப்படித்தான் வணக்கம் சொல்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டோம். அது ஒரு வழிபாட்டுக் கூடத்திலிருந்து வந்தது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஸ்பாக் வேடம் போட்ட லெனர்ட் நிமாய் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வளர்ந்த யூதர். சின்ன வயதில் அப்பாவோடு ஜெப ஆலயத்துக்குப் போயிருக்கிறார். அங்கே பழைய ஆசாரியர் வம்சத்தில் வந்தவர்கள் துணியால் தலையை மூடிக்கொண்டு, கைகளை நீட்டிக் கூட்டத்தை ஆசீர்வதிப்பார்கள். அந்த நேரத்தில் இறைவனின் பிரசன்னமே இறங்கி வருகிறது, அதனால் யாரும் பார்க்கக் கூடாது என்பது ஐதீகம். கண்ணை மூடிக்கொள் என்று அப்பா சொல்லியிருந்தார். பையன் மூடுவானா? எட்டிப் பார்த்துவிட்டான். அவன் கண்ணில் பட்டது பிரிந்த விரல்களோடு இருந்த அந்தக் கைகள். எபிரேய எழுத்தான ஷின் வடிவம் அது. கடவுளைக் குறிக்கும் ஷதாய் என்ற பெயரின் முதல் எழுத்து.

1967 செப்டம்பரில் ஸ்டார் டிரெக்கின் இரண்டாவது பருவம் தொடங்கியது. முதல் கதையில் ஸ்பாக் தன் சொந்தக் கிரகமான வல்கனுக்குப் போகிறார். நம் ஊரில் கும்பிடுவதுபோல வல்கன்காரர்களுக்கும் ஒரு முறை இருக்க வேண்டாமா என்று நிமாய் யோசனை சொன்னார். சிறு வயதில் திருட்டுத்தனமாகப் பார்த்தது அன்றைக்குப் படப்பிடிப்பில் கைகொடுத்தது. அந்தக் காட்சியில் வல்கன் கிழவியாக நடித்த சீலியா லாவ்ஸ்கிக்கு விரல் பிரிய மறுத்ததாம். கேமராவுக்குக் கீழே இன்னொரு கையால் விரல்களைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் மேலே தூக்கினார். உங்களுக்கு வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொடர் ஆரம்பிக்கும் முன்பு என்பிசி தொலைக்காட்சிக்கு ஸ்பாக்கின் காதைப் பார்த்துப் பயம். சாத்தான் மாதிரி இருக்கிறதே, பக்திமான்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? விளம்பரக் கையேட்டில் காதின் கூர்மையையும் புருவத்தின் சரிவையும் வண்ணம் பூசி மறைத்தே விட்டார்கள். சாத்தான் என்று பயந்த அந்த ஆள் அடுத்த வருஷம் திரையில் தூக்கியது ஆசீர்வாதக் கை. என்பிசியில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

சரி, ஏன் கை? எனக்குத் தோன்றும் காரணம் காசு. வாரம் ஒரு கதை எடுத்துத் தள்ள வேண்டிய தொழிலில் ஒட்டுக்காது வைக்கவே தினமும் நேரம் போகும். விரலுக்குச் செலவே இல்லை. அதே 1967 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்த 'தி இன்வேடர்ஸ்' இதை இன்னும் சிக்கனமாகச் செய்தது. வேற்றுக்கிரகத்தார் மனித உருவத்தில் நம்மிடையே வந்துவிட்டார்கள். டேவிட் வின்சென்ட் என்ற கட்டடக்கலைஞருக்கு மட்டும் அது தெரியும், ஊரில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பலருக்குச் சுண்டுவிரல் மடங்காது. டீ குடிக்கும்போது விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். செத்தால் சிவப்பாக ஒளிர்ந்து சாம்பல் தடத்தோடு மறைந்துவிடுவார்கள், ஆதாரம் மிஞ்சாது. அந்தத் தொடரைப் பார்த்தபிறகு, விருந்தில் சுண்டுவிரலைத் தூக்கிக் காப்பி குடிப்பவர்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

1978இல் வந்த 'மார்க் அண்ட் மிண்டி'யில் ராபின் வில்லியம்ஸ், மார்க் என்ற பாத்திரமாக, ஆர்க் கிரகத்திலிருந்து முட்டை வடிவக் கலத்தில் வந்து இறங்கினார். அவர் கைகுலுக்குவதும் விரலைப் பிரித்துத்தான், கூடவே 'நானு நானு' என்று ஒரு முகமன். ஸ்பாக்கை வைத்து நல்ல கிண்டல். 1986இல் வந்த 'ஆல்ஃப்' தொடரின் வேற்றுக்கிரகப் பிராணி வெறும் பொம்மை. அதன் உயிரே பால் ஃபுஸ்கோ என்பவரின் கை. அவர் ஒளிந்திருந்து ஆட்டுவதற்காக வீட்டு அரங்கத்தின் தரையையே உயர்த்திப் பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். பூனையைத் தின்ன ஆசைப்படும் அந்தப் பிராணியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அதனால் மேலே போகிறேன்.

தேவதூதர்களிடம் வருவோம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் சம்மனசு என்பார்கள். சம்மனசுக்குச் சிறகு வேண்டும், படத்தில் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சி சிறகைக் கழற்றிவிட்டது. 1984இல் வந்த 'ஹைவே டு ஹெவன்' தொடரில் மைக்கேல் லேண்டன் சாதாரண உடுப்போடு, தோளில் ஒரு பையோடு ரோட்டோரம் நிற்கிற ஆள். முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் காரோட்ட, ஊர் ஊராகக் கூலிவேலை பார்த்துக்கொண்டே மனிதர்களின் பிரச்சினைகளைத் தீர்ப்பார். கடவுளை அவர்கள் சொல்வது 'முதலாளி' என்று. மார்க்கும் தன் கிரகத்து மேலதிகாரிக்கு வாராவாரம் அறிக்கை கொடுத்தவன்தான். இரண்டு பேருக்கும் மேலிடத்து உத்தரவு உண்டு. வேற்றுக்கிரகத்தான் நம்மிடம் கேள்வி கேட்க வருகிறான், தூதன் பதிலை முன்பே தெரிந்துகொண்டு வருகிறான். கேள்வி கேட்பவன்தான் நல்ல துணை என்பது என் கட்சி. 1994 முதல் 2003 வரை ஓடிய 'டச்ட் பை அன் ஏஞ்சல்' பெயரிலேயே தொடுதல் இருக்கிறது. ஆனால் அங்கே தூதர்கள் தங்களை வெளிப்படுத்தும் நேரத்தில் பின்னாலிருந்து பளீரென்று விளக்கு எரியும். விளக்கைப் போட்டுவிட்டால் கைக்கு என்ன வேலை?

எனக்குப் பிடித்த தூதன் அதற்கு முப்பது வருஷம் முன்னால் வந்தவன். 1962 ஜனவரியில் 'ட்வைலைட் ஸோன்' தொடரில் ஒளிபரப்பான கறுப்பு வெள்ளைக் கதை. இடிக்கப்போகும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாண்டா என்ற கிழவி கதவைத் தாழிட்டுக்கொண்டு வாழ்கிறாள். மரணம் ஆள் வேஷத்தில் வரும், தொட்டால் போதும், உயிர் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. வாசலில் ஒரு இளம் போலீஸ்காரன் குண்டடி பட்டு விழுந்து கிடக்கிறான், உதவி கேட்கிறான். தயங்கித் தயங்கிக் கதவைத் திறக்கிறாள். தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்து படுக்க வைக்கிறாள். தொட்டுவிட்டோமே, ஒன்றும் ஆகவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம். பிறகு கட்டடம் இடிக்கும் ஆள் வருகிறான். அவன் கண்ணுக்கு இந்தப் போலீஸ்காரன் தெரியவே இல்லை. கண்ணாடியிலும் அவன் பிம்பம் இல்லை.

எருமையும் இல்லை, பாசக்கயிறும் இல்லை. அப்போது பெரிதாகப் பெயர் வாங்கியிராத ராபர்ட் ரெட்ஃபோர்ட்தான் அந்தப் பையன். கிழவி கிளாடிஸ் கூப்பர். அவன் கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக நிற்கிறான், அவசரப்படுத்தவில்லை. கேமராவும் காத்திருக்கிறது. அவள் மெதுவாகத் தன் கையை அவன் கையில் வைக்கிறாள். எப்போது நடக்கும் என்று கேட்கிறாள். நடந்துவிட்டது, பார் என்கிறான். திரும்பிப் பார்த்தால் கட்டிலில் அவள் உடம்பு கிடக்கிறது. இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு வெளிச்சத்துக்குள் நடந்து போகிறார்கள். கையை அவள் இன்னும் விடவில்லை.

நேயர்களே, உங்கள் கையை இப்போது இறக்கிக்கொள்ளலாம். வணக்கம்.