புதுத்தண்ணீர் வந்ததும் மீன் ஏன் கடிப்பதில்லை?

(காட்சி: சேலம் மூக்கனேரிக் கரை. செம்மண் நிறத்தில் தண்ணீர். தக்கை அசையாமல் மிதக்கிறது.)

நேற்று ராத்திரி சேர்வராயன் மலையில் நல்ல மழை. விடிந்ததும் தூண்டிலோடு வந்து உட்கார்ந்தாச்சு. புதுத்தண்ணீர் விழும் ஓரத்தில் மீன் துள்ளுவது தெரிகிறது. மண்புழுவை மட்டும் சீண்டமாட்டேன் என்கிறது. சினைக்காலத்தில் தூண்டில் போட்ட எல்லோருக்கும் இந்த வயிற்றெரிச்சல் உண்டு.

மழையால்தான் மீனுக்குச் சினை பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சினை கோடையிலேயே ஊற ஆரம்பித்துவிடும். பகல் நீளும், தண்ணீர் சூடேறும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வேலையைத் தொடங்கும். ஒரு கிலோ ரோகு வயிற்றில் சுமார் 2 லட்சம் முட்டை இருக்கும். அப்புறம் இரைக்கு இடம் ஏது?

(காட்சி: மேட்டூர் அணை, பரந்த நீர்.)

முட்டை முற்றினாலும் கட்லா, ரோகு, மிரிகால் என்ற மூன்று கெண்டை வகைகளும் உடனே இட்டுவிடாது. தண்ணீர் ஏறணும், கலங்கணும், இழுவை இருக்கணும், சூடும் கொஞ்சம் தணியணும். வெள்ளம் ஏறிய புல்தரைதான் அவை தேடும் இடம். முட்டை ஒரே நாளில் பொரித்துவிடும். குஞ்சு பிழைக்க, ஆழம் குறைந்த, நுண்ணுயிர் மண்டிய தண்ணீர் வேண்டும். அதனால்தான் இவ்வளவு காத்திருப்பு. மேட்டூர்ப் பக்கம் இதில் ஒரு வேடிக்கை. சேலத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது, ஆடி வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் குடகில் பெய்த மழை காவிரியில் இறங்கி வந்து, இங்கே இருக்கும் மீனுக்கு நேரம் சொல்லிவிடும்.

சரி, வெள்ளமே வராத குட்டையில்? சினை உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன்வள விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றி, தேங்கிய தண்ணீரிலேயே கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். வெள்ளம் செய்யும் வேலையை ஊசி செய்தது, அவ்வளவுதான். இன்று நாம் வாங்கும் குஞ்செல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்.

ஜிலேபி மீனுக்கு, அதாவது திலாப்பியாவுக்கு, இந்தக் கதையே கிடையாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் மழை இல்லாமலும் திரும்பத் திரும்ப முட்டையிடும். தாய் முட்டையை வாயில் அடைகாக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பதிடம் புழுவைக் காட்டி என்ன பயன்?

(காட்சி: பாசிக்கு நடுவே செந்நிறக் குஞ்சுக் கூட்டம்.)

விரால் நேர்மாறு. கரையோரப் புல்லில் கூடு கட்டி, குஞ்சுக்குக் காவல் இருக்கும். கூட்டத்துக்குப் பக்கத்தில் தவளை விழுந்தால் பாய்ந்து கடிக்கும். பசியால் இல்லை, ஆத்திரத்தால். சின்ன வயதில் நானும் அப்படி ஒன்றைத் தூக்கியிருக்கிறேன். மறுநாள் போனபோது அந்தச் செந்நிறக் கூட்டம் அங்கே இல்லை. ஜிலேபிகள்தான் சுற்றிக்கொண்டிருந்தன.